கர்ப்பிணிக்கு ஆம்பிளைட அளவைப் போட்டு ரிப்போர்ட் தந்தது பற்றி

மேனேஜர் ஐயாவுக்கு,

நாங்க கொக்கட்டிச்சோலைப் பக்கம். தங்கச்சிக்கு இப்ப ஏழு மாசம். போன கிழமை மண்முனைப் பாலத்தால டவுனுக்குக் கூட்டி வந்து உங்கட லேப்ல ஹீமோகுளோபின் பாக்க ரத்தம் குடுத்தம். பின்னேரம் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா 11.2, பக்கத்தில தடிச்ச எழுத்தில குறைவு எண்டு காட்டுற ‘எல்’, அங்கால இருக்க வேண்டிய அளவு 13 – 17 எண்டு அடிச்சிருக்கு. மேல பேருக்குக் கிட்ட பெண், வயசு 26 எண்டு உங்கட ஆக்கள் சரியாத்தான் பதிஞ்சிருக்காங்க, அப்ப கீழ மட்டும் ஏன் ஆம்பிளைட அளவு வந்த?

அம்மா அந்த ‘எல்’ல கண்டதும் புள்ளைக்கு ரத்தமே இல்லையாக்கும் எண்டு விடியும் வரை அழுதவ. மறுகா கிளினிக்ல தந்த இரும்புச்சத்துக் குளிசைய ஒண்டுக்கு ரெண்டாக் குடுத்து, தங்கச்சி மூணு நாள் வயித்து நோவும் சத்தியுமாக் கிடந்தது. சாப்பாடு ஒண்டும் தங்கல்ல. அதப் பாத்துக்கொண்டு இருந்த எங்களுக்குத்தான் தெரியும் அந்த மூணு நாளும்.

கிளினிக் நாள் வந்ததும் மிட்வைஃப் மிஸ் ரிப்போர்ட்ட வாங்கி அந்த 13க்கு மேல விரல வச்சு “இது ஆம்பிளையளுக்கு” எண்டாங்க. கர்ப்பம் இல்லாத பொம்பிளைக்கு 12, இந்த மாசத்துக் கர்ப்பிணிக்கு 11 இருந்தாப் போதுமாம், 11.2 எண்டா 100 மில்லி ரத்தத்தில 11.2 கிராம் ஹீமோகுளோபின் எண்டுதான் அர்த்தம். வயித்தில புள்ள வளரக்குள்ள ரத்தத்தில தண்ணிப் பங்கு கூடுற அளவுக்குச் சிவப்பணு கூடாதாம், அதால இலக்கம் கொஞ்சம் இறங்கிறது வழமைதானாம். குளிசைய ஒண்டாவே குடுக்கச் சொன்னாங்க, தேத்தண்ணியோட குடுத்திராதீங்க எண்டும் சொன்னாங்க. ரத்தம் எடுத்த நேரம் இதில ஒண்டையாவது உங்கட இடத்தில ஆராவது கேட்டிருந்தா, மாசம் எத்தினை எண்டாவது கேட்டிருந்தா, இவ்வளவு வந்திருக்காது.

கவுண்டர்ல வந்து கேட்டதுக்கு ஒரு தம்பி “மெஷின் அப்பிடித்தான் அடிக்கும் அக்கா” எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஆள்ட பில்ல எடுத்தவர். மெஷின் இலக்கத்த மட்டும்தானே எடுக்குது, ஆருக்கு எந்த அளவு எண்டு அதில போட்டு வைக்கிறது உங்கட ஆக்கள்தானே?

காசு திருப்பித் தாங்க எண்டு நான் கேக்கல்ல. தங்கச்சிட ரிப்போர்ட்ட சரியான அளவோட திரும்ப அடிச்சுத் தாங்க. கர்ப்பிணிகளுக்குத் தனி அளவு வாற மாதிரி செட்டிங்க மாத்துங்க. இதே அளவோட ரிப்போர்ட் கொண்டுபோன மத்தப் பொம்பிளையளுக்கும் கோல் எடுத்துச் சொல்லுங்க, அவங்கட வீட்டிலயும் ஆரும் குளிசைய ரெண்டாக் குடுத்துக்கொண்டு இருக்கலாம். பில்லும் ரிப்போர்ட்டும் இதோட இணைச்சிருக்கன்.

இப்படிக்கு,
ஏழு மாசக் கர்ப்பிணிட அக்கா