டர்பனிலிருந்து ஒரு கடிதம்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம்.

என் தங்கை மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடைபாதையில் கீரை விற்கும் மூதாட்டி ஒருவரின் கூடையைக் காவலர் காலால் தள்ளியபோது, எந்தச் சட்டப்படி இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபடியே அவன் கைப்பேசியில் படமெடுத்திருக்கிறான். காவலர் அதைப் பிடுங்கிப் பதிவை அழித்துவிட்டு, கடமைக்கு இடையூறு செய்ததாக வழக்குப் போடுவேன் என்று மிரட்டி அனுப்பியிருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவின் 1995ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 67ஆம் பிரிவு, காவலரின் பணியை வேண்டுமென்றே தடுப்பதைத்தான் குற்றம் என்கிறது. எட்ட நின்று கேள்வி கேட்பது அதில் சேராது. அரசமைப்பின் 16ஆம் பிரிவு கருத்துரிமையைத் தெளிவாகவே காக்கிறது. சான்றாகத் தேவைப்படும் பொருளைக் கைப்பற்றச் சட்டத்தில் வழியுண்டு. சான்றை அழிக்க வழியில்லை.

நிறவெறி ஆட்சி நடந்த நம் வாலிபக் காலத்தில் நிலைமை வேறு. காவல்துறையைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தி பொய்யென்று சொல்லப்பட்டால், அதை நம்பத் தக்க காரணம் இருந்ததென எழுதியவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று 1979இல் சட்டத்தைத் திருத்தினார்களே! ஜோகன்னஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தின் 10ஆவது மாடியிலிருந்து 1971இல் விழுந்து இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோலின் சாவு தற்கொலை என்று மறு ஆண்டே முடித்துவிட்டார்கள். அது கொலை என்று நீதிமன்றம் சொல்ல 2017 வரை அவர் குடும்பம் விடாமல் கேட்க வேண்டியிருந்தது.

பையன் நேரே காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஐபிஐடி என்னும் சுயேச்சைக் காவல்துறைப் புலனாய்வு இயக்ககத்துக்குப் போக நினைக்கிறான். காவலில் நேரும் சாவு, துப்பாக்கிச் சூடு, சித்திரவதை, தாக்குதல் போன்றவற்றைத்தான் அவர்கள் முதன்மையாக விசாரிப்பார்கள். இவனை அடித்திருந்தால் அங்கே போகலாம். மரியாதைக் குறைவுக்கு முதலில் நிலையப் பொறுப்பதிகாரியிடமே முறையிட வேண்டும் என்றேன். திருடனிடமே சாவியைக் கொடுப்பதா என்று கோபித்துக்கொண்டான். அவன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நட்டஈடு கேட்பதானால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூதாட்டி சாட்சி சொல்ல மறுக்கிறார். நாளைக்கும் அதே நடைபாதையில்தானே உட்கார வேண்டும் என்கிறார். அவரை வற்புறுத்த எனக்கு மனமில்லை.

முறையீட்டின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் பழகியவர். நாள், நேரம், இடம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, வசைபாடும் வரிகளை அடித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்