அடித்ததால் ஏறியதா அந்த மார்க்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் தந்தை ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். காலாண்டில் மகன் கணக்கில் 38 வாங்கினானாம். நாலு சாத்து சாத்தினாராம். அரையாண்டில் 61 வந்துவிட்டது. மகள் 94 வாங்கியதற்குப் பாராட்டி வாட்ச் வாங்கிக் கொடுத்தாராம். அடுத்த தேர்வில் 82க்கு இறங்கிவிட்டாள் என்று அந்த வாட்சைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டாராம். "அடித்தால்தான் பிள்ளை தேறும், பாராட்டினால் கெட்டுப்போகும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?" என்று முடித்திருந்தார்.

முப்பத்தோரு ஆண்டுகள் கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். அவர் எழுதிய நான்கு மார்க்கையும் அப்படியே நம்புகிறேன். அவற்றை வைத்து அவர் கட்டிய முடிவு தவறு. அதே தவறை நானும் செய்திருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மார்க்கில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று, பிள்ளைக்கு உண்மையில் தெரிந்தது. இன்னொன்று, அன்றைய நாள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14; ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் சராசரியாக மூன்று நான்கு சரியாக விழும். ஒருநாள் ஒன்றுதான் விழும், இன்னொரு நாள் ஆறு விழும். எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு: வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. காம்பஸ் முள் நழுவிப் படம் கோணி, அழித்து அழித்துத் தாளே கிழிந்து பதறிப்போகும் பிள்ளையை ஒவ்வொரு தேர்விலும் பார்த்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரி புரட்டிய கணக்கே வந்து நின்றால் ஐந்து மார்க் கூடிவிடும். காய்ச்சல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வலி, வீட்டில் நடந்த சண்டை எல்லாம் இந்த இரண்டாவது சரக்கில்தான் சேரும். நம் ஊரில் மழையும் சேரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை வைத்துப் படித்திருப்பார்கள்?

மகன் 38 வாங்கியது அநேகமாக அந்த இரண்டாவது சரக்கு மோசமாக அமைந்த நாளில். மகள் 94 வாங்கியது அது நன்றாக அமைந்த நாளில். அடுத்த தேர்வில் பிள்ளைக்குத் தெரிந்தது ஏறக்குறைய அப்படியே இருக்கும். நாள் மட்டும் மாறும். அடிமட்டத்துக்குப் போன மார்க் மேலே வரும், உச்சிக்குப் போனது இறங்கும். நாம் கையை ஓங்குவது அடிமட்டத்தில், தட்டிக்கொடுப்பது உச்சியில். அடிக்குப் பின் ஏற்றமும் பாராட்டுக்குப் பின் இறக்கமும் வருவதாகத் தோன்றுவது இதனால்தான். அடியும் பாராட்டும் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அப்படித்தான் தோன்றும்.

சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் இதைச் சொல்வார்கள். 205 தம்பதிகள், வளர்ந்து ஆளான அவர்களுடைய பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை வைத்து பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் 1886இல் இதை எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் பெற்றோரைவிடக் கொஞ்சம் உயரம். அங்கே அடியும் இல்லை, பாராட்டும் இல்லை.

வாயால் சொன்னால் பிள்ளைகள் மனதில் நிற்காது என்று வகுப்பில் பகடை உருட்டிக் காட்டுவேன். ஒவ்வொருவரும் இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையைக் கரும்பலகையில் தன் பெயருக்கு நேரே எழுத வேண்டும். 4ம் அதற்குக் கீழும் போட்டவர்களை வரிசையாக நிறுத்தி, "என்ன உருட்டுறீங்க, அக்கறையே இல்லையா?" என்று திட்டுவேன். 10ம் அதற்கு மேலும் போட்டவர்களுக்கு வகுப்பே கைதட்டும். பிறகு இரண்டு கூட்டத்தாரையும் மறுபடி உருட்டச் சொல்வேன். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் 30 விதங்கள் 4க்கு மேலே. ஆகையால் திட்டு வாங்கிய ஆறு பேரில் சராசரியாக ஐந்து பேர் 'தேறி' விடுவார்கள். அதே கணக்கில், கைதட்டு வாங்கிய ஆறு பேரில் ஐந்து பேர் 10க்குக் கீழே இறங்கிவிடுவார்கள்.

ஒரு வருடம், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பகடையை உள்ளங்கையில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுக்குக் காதே இல்லையே, நீங்க திட்டினது எப்படிக் கேட்டுச்சு?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வாரம் கணக்கில் 19 வாங்கியதற்காக வீட்டில் அவனை பெல்ட்டால் அடித்திருந்தார்கள். பகடையை நீட்டிய கையில் முழங்கைக்கு மேலே அந்தத் தடம் கறுத்துக் கிடந்தது.

படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியல் அறிஞர் டேனியல் கானமன், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். தண்டிப்பதைவிடப் பாராட்டுவதே நல்ல பலன் தரும் என்று அவர் சொன்னதும், அனுபவசாலியான பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தார். தான் பாராட்டிய மாணவர்கள் அடுத்த முறை மோசமாகவே ஓட்டுகிறார்கள், கத்தித் திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்றார். கானமன் தரையில் ஒரு குறி வரைந்து, முதுகைக் காட்டி நின்றபடி ஒவ்வொருவரையும் இரண்டு முறை காசு வீசச் சொன்னார். முதல் வீச்சில் குறிக்கு வெகு தூரம் போனவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் நெருங்கினார்கள். முதலில் நெருங்கியவர்கள் விலகினார்கள். உங்கள் கடிதக்காரர் சொன்னதும் அந்தப் பயிற்சியாளர் சொன்னதும் ஒன்றுதான்.

என் மகன் ஏழாம் வகுப்பில் ஒரு தேர்வில் கணக்கில் 41 வாங்கி வந்தான். கணக்கு டீச்சர் பிள்ளை 41. அடுக்களை வாசலில் நிறுத்தி மர ஸ்கேலால் அடித்தேன். அடுத்த தேர்வில் 66. "ஒரு அடி, இருபத்தஞ்சு மார்க்" என்று ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பின்னாளில் வகுப்பில் பகடை உருட்டத் தொடங்கிய பிறகும் என் வீட்டுக் கணக்கை நான் எடுத்துப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு டிரங்குப் பெட்டியில் அவனுடைய பழைய ரேங்க் கார்டுகள் கிடைத்தன. வரிசையாக எழுதினேன்: 63, 58, 67, 41, 66, 60, 64. அடிக்கு முந்தின மூன்றின் சராசரி 62.7. பிந்தின மூன்றின் சராசரி 63.3. அந்த 41 வாங்கிய வாரம் அவனுக்கு அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றி நாலு நாள்கூட ஆகவில்லை. அதெல்லாம் தெரிந்தேதான் அடித்தேன்.

நம் வீடுகளில் 'கண்ணு பட்டுடுச்சு' என்கிறோமே, அதிலும் இந்தத் திரும்புதல்தான் ஒளிந்திருக்கிறது. பிள்ளை உச்சியில் இருக்கும்போதுதான் அக்கம்பக்கத்தார் வாய்விட்டுப் புகழ்வார்கள். உச்சிக்குப் பின் இறக்கம் வரும். கல் உப்பும் காய்ந்த மிளகாயும் முச்சந்தி மண்ணும் எடுத்துச் சுற்றிப் போடுவோம். அடுத்து கொஞ்சம் ஏறும். நம் பாட்டிமார்கள் கவனித்தது சரிதான், காரணம்தான் வேறு. உப்பு மிளகாயால் பிள்ளைக்கு வலிக்காது. பெல்ட்டால் வலிக்கும்.

"நாங்களெல்லாம் அடி வாங்கி வளர்ந்தவங்கதானே, நல்லா இல்லையா?" என்று அடுத்த வாரம் யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். எங்கள் பழைய மாணவர் சந்திப்பிலும் இதே பேச்சுதான். வந்திருந்தவர்கள் எல்லோரும் படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள். எட்டாம் வகுப்பில் பிரம்படிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, துறைமுகத்துக்கு ஐஸ் உடைக்கப் போன என் வகுப்புத் தோழன் அங்கே வரவில்லை. அவனைச் சேர்க்காமல் எடுத்த சராசரி அது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தன் 17ஆம் பிரிவில் தடுத்துவிட்டது. வீட்டுக்குள் நடப்பதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடச் சொல்லவில்லை. படித்தால் மார்க் ஏறும், படிக்காவிட்டால் இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடியால் ஏறியது என்று சொல்ல வேண்டுமானால், அதே போல 38 வாங்கி அடி வாங்காத பிள்ளைகள் அடுத்து எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். அது முடியாதென்றால், ஒரு நோட்டில் கடைசி ஆறு ஏழு தேர்வுகளின் மார்க்கையாவது எழுதுங்கள். ஒன்று மட்டும் சரிந்திருந்தால் அந்த வாரம் என்ன நடந்தது என்று பிள்ளையிடம் உட்கார்ந்து கேளுங்கள். மூன்று தேர்வாகச் சரிந்துகொண்டே வந்தால் அது நிஜமான விஷயம். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாமலேயே ஒரு வருடம் முழுக்கப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிய மாணவிகள் எனக்கு இருந்திருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய அந்தத் தந்தைக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகளின் பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். 82 அவள் எப்போதும் வாங்கும் மார்க்காகவே இருக்கக்கூடும். அந்த வாட்சை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.