கித்துல்கல பயணமும் சனிக்கிழமைப் பயிற்சியும்

அன்புடைய பெற்றோர், பாதுகாவலர் அனைவருக்கும் வணக்கம்.

முதலாந் தவணை நிறைவுக்கு வந்துவிட்டது. இல்ல மெய்வல்லுநர் போட்டி சிறப்பாக நடந்தேறியது. வலய மட்டத்திலும் எமது பிள்ளைகள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும் பாராட்டுகள்.

விடுமுறையில் உயர்தர மாணவர்கள் கித்துல்கல சென்று களனி கங்கையில் ரப்பர் படகு வலிக்க இருப்பதை அறிவீர்கள். வேகநீரின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அங்குள்ளது இரண்டாம், மூன்றாம் படி. புதியவர்களுக்கு ஏற்றதுதான். ஆனாலும் மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் விடும் தண்ணீரைப் பொறுத்து மட்டம் ஏறி இறங்கும்.

இந்தப் பயணத்துக்கான சென்ற சனிக்கிழமைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரவில்லை. பலர் ரியூசன் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை கீரிமலைக் கேணியில் நீந்திப் பழகியவன், பயிற்சி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. உயர்தரப் பாடச்சுமை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கேணித் தண்ணீர் நிற்கும், ஆற்றுத் தண்ணீர் தள்ளும். அதன் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிது.

படகிலிருந்து விழுந்தவருக்கு முதலில் எழுந்து நிற்கத்தான் தோன்றும். அதுதான் ஆபத்து. கால் இரண்டு கல்லுக்கிடையில் செருகுப்பட்டால் பின்னால் வரும் நீர் உடலை மடித்து முகத்தை அமுக்கிவிடும். உயிர்காப்பு அங்கி இருந்தும் தலையைத் தூக்க முடியாது. மல்லாந்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய, கால்களை ஆறு போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் நேர்மாறு: குப்புறத் திரும்பி, வேகமாக நீந்தி அதன்மேல் ஏற வேண்டும். காப்பாற்ற எறியும் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. இவற்றைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்க முடியாது, உடம்பு பழக வேண்டும். துடுப்பின் நுனியிலுள்ள குறுக்குப் பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். விட்டால் பக்கத்திலிருப்பவரின் பல்தான் உடையும்.

சனிக்கிழமை வந்த ஒரு மாணவனின் அங்கியைத் தோளில் பிடித்து இழுத்தபோது அது காதுவரை ஏறியது. பட்டிகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இறுக்கிய பிறகே உடம்போடு நின்றது. வராத பிள்ளைகளுக்கு இதை எப்போது காட்டுவது?

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். வருகிற இரண்டு சனிக்கிழமையும் காலை 7 மணிக்கு வராதவர் படகில் ஏற முடியாது. எவருக்கும் விலக்கில்லை. தயவுசெய்து தொலைபேசியில் கேட்க வேண்டாம்.

உடல்நலப் படிவத்தில் தொய்வு (ஆஸ்துமா), வலிப்பு, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். பிள்ளையைத் தடுக்க அல்ல, தொய்வுக்கு உறிஞ்சும் மருந்துப் பம்மைக் கையோடு கொண்டுபோகவே கேட்கிறோம். புண், கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் பற்றி வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். பாட்டா செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். நாடா கட்டும் கன்வஸ் சப்பாத்து போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். மூக்குக்கண்ணாடிக்கு நாடா கட்டுங்கள். சங்கிலி, தோடு வீட்டிலேயே இருக்கட்டும்.

ரியூசன் ஆசிரியர்களுடன் பேசியிருக்கிறோம். இரு சனியும் வகுப்பை 10 மணிக்குத் தொடங்க இணங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. சென்ற வாரம் தேநீரும் வடையும் கொண்டுவந்து, பயிற்சி முடியும்வரை நின்ற அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் மனமார்ந்த நன்றி. படிவங்களை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்