வயலில் காசு தேடும் நண்பனுக்கு

சுன்னாகம்,
மார்கழி மாதம்.

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். மழை இந்த முறை நல்லாகப் பெய்தது, கிணற்றில் தண்ணீர் எட்டிப் பிடிக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது. அக்கா உன்னை விசாரித்தா. உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பிள்ளைகளின் படிப்பு, புது வீடு எல்லாம் வாசித்துச் சந்தோஷம். ஆனால் காசுகளைப் பற்றி எழுதியிருந்த பக்கங்களைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன், படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். ஊருக்கு வரும்போது உலோகம் தேடும் மெசினை, உன் டிடெக்டரை, கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தாய், அதற்கும் பதில் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் சஃபோக்கில் அந்த விவசாயி உனக்குத் தன் வயலைத் திறந்துவிட்டது பெரிய வாய்ப்பு. ரோமர் காலச் செப்புக்காசு, இடைக்கால வெள்ளிப் பென்னி, விக்ரோறியா மகாராணி தலை போட்ட பென்னி, மூன்றும் ஒரே வயலில் வருகிறது என்றால் அங்கே ஆட்கள் பல நூற்றாண்டாக நடமாடியிருக்க வேண்டும். ஆள் குந்தியிருந்து பேரம் பேசுகிற இடத்தில் காசு விழும், தண்ணீரைக் கடக்க உடுப்பைத் தூக்கிக் கட்டுகிற இடத்தில் விழும், வண்டிலை அவிழ்த்துவிட்டு மாடு இளைப்பாறுகிற இடத்தில் விழும். வயலின் மூலையில் பழைய பாதைகள் சந்திக்கின்றன என்று எழுதியிருந்தாய். அந்த மூலையில் முன்பு ஏதும் சந்தை கூடியதா என்று பழைய வரைபடங்களில் தேடிப் பார். நடு வயலில் ஐதாகக் கிடக்கும் பென்னிகளுக்கு வேறு காரணம் இருக்கலாம். அந்தக் காலத்தில் ஊர்க் குப்பையையும் தொழுவத்து எருவையும் வயலுக்கு இறைத்தார்கள், குப்பையோடு சேர்ந்து காசும் போனது. ஒரு மூலையில் குவிந்து கிடப்பது ஒரு கதை, பரவிக் கிடப்பது இன்னொரு கதை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கலந்துவிடாதே.

வயலில் காசு 'தீர்ந்துவிட்டது' என்று உன்னோடு தேடுகிறவர்கள் சொல்வதையும் எழுதியிருந்தாய். நீ முன்பு விளக்கியதை வைத்தே யோசித்தேன். டிடெக்டரின் தட்டு மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் மின்னோட்டத்தை எழுப்ப, அந்த உலோகம் திருப்பி அனுப்புகிற சைகையைத்தான் மெசின் சத்தமாக்கித் தருகிறது. வெள்ளியும் செம்பும் நன்றாக மின்சாரம் கடத்துவதால் அவற்றின் சத்தம் உயர்ந்து கேட்கும். பக்கத்தில் ஒரு கறள் பிடித்த ஆணி கிடந்தால் அது காசின் சத்தத்தை அமுக்கிவிடும். அப்படியானால் பழைய ஆணிகள் நிறைந்த இடத்தில்தான் இன்னும் காசு மிச்சம் இருக்க வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போன இடம் அது. சின்னத் தட்டைப் பூட்டிக்கொண்டு, வடக்குத் தெற்காக நடந்த இடத்தை இந்த முறை கிழக்கு மேற்காக நட, ஆறுதலாக நட. உழுத பிறகு மழை பெய்து மண் அமர்ந்திருக்கும் நாளில் போனால் இன்னும் நல்லது.

இப்போது எனக்கு முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். நீ எடுத்த ஒவ்வொரு காசுக்கும் இடம் குறித்து வைத்திருக்கிறாயா? படம் அனுப்பினாய், எடை அனுப்பினாய், ஆனால் எந்தப் படத்திலும் 'இன்ன இடத்தில், இவ்வளவு ஆழத்தில்' என்று ஒரு வரி இல்லை. உன் கைத்தொலைபேசியே இடத்தைக் காட்டும், அந்த எண்ணை எழுதி வைக்க அரை நிமிடம் போதும். உங்கள் ஊரில் அதைப் பதிந்துகொள்ளத் தனி ஏற்பாடே இருக்கிறது. 1997இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இடத்தோடு பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கென்றே ஓர் அலுவலர் உண்டு. அவரிடம் போ. காசை வாங்கிப் பார்த்து, பதிந்து, திருப்பித் தருவார். புதையல் என்று சட்டம் சொல்லும் வகையாக இருந்தால் மட்டும் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், அது 1996ஆம் ஆண்டுச் சட்டம்.

உன் சஃபோக்கிலேயே இதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது, ஹொக்சன் என்ற ஊரில். 1992 நவம்பரில் எரிக் லோஸ் என்பவர், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடி டிடெக்டரோடு வயலில் இறங்கினார். தங்க நாணயம், வெள்ளிக் கரண்டி என்று வரத் தொடங்கியது. கொஞ்சம் எடுத்ததும் மிச்சத்தைத் தோண்டாமல் நிறுத்திவிட்டு அறிவித்தார். அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். 15,000 வரையான ரோமக் காசுகள், 200 வரையான தங்க, வெள்ளிப் பொருள்கள். அவர் நிறுத்தியதால்தான், அத்தனையும் ஒரு மரப்பெட்டிக்குள், சில பொருள்கள் அதனுள்ளே சிறு பெட்டிகளில், எப்படி அடுக்கி வைத்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. மரம் உக்கிப் போய்விட்டது, பொருள்கள் கிடந்த ஒழுங்குதான் பெட்டியைச் சொன்னது. அவர் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் அள்ளி வாளியில் போட்டிருந்தால் தங்கம் அப்படியே இருந்திருக்கும், அந்தப் பெட்டி இல்லாமல் போயிருக்கும். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நீ எடுத்த ரோமச் செப்புக்காசுகளைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கே என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் கந்தரோடை என்ற பழைய தொல்லியல் இடம் இருக்கிறது. அந்த மண்ணிலும் ரோமக் காசு வந்திருக்கிறது. வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் 1917 தொடக்கம் 1919 வரை அங்கே தோண்டிய காலத்திலேயே அது வெளிவந்தது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் வந்து தோண்டினார்கள். இலங்கையில் கிடைக்கும் ரோமக் காசுகளில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள். உன் வயலில் கிடப்பவற்றில் சிலவும் அதே நூற்றாண்டுக் காசுகள்தான். ஒரே அரசின் சில்லறை, ஒரு பக்கம் உன் குளிர் வயல் வரை போயிருக்கிறது, மறுபக்கம் வழுக்கையாற்றங்கரை வரை வந்திருக்கிறது. அங்கே அதைக் கொண்டுவந்தது ரோமரின் ஆட்சி, இங்கே கொண்டுவந்தது வியாபாரம். 5ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது பிரித்தானியாவுக்குப் புதுக்காசு வருவது நின்றுபோனது. இங்கே அதற்குப் பிறகும் வந்தது, வந்தது போதாமல் அதே மாதிரியில் உள்ளூரிலும் அடித்துப் புழங்கினார்கள். இதெல்லாம் எப்படித் தெரியும்? எந்தக் காசு எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள், அதனால் தெரியும். கடைக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் ஒரு ரோமக் காசு, தான் யாழ்ப்பாணத்தில் கிடந்ததா சஃபோக்கில் கிடந்ததா என்று ஒருநாளும் வாய் திறக்காது.

கந்தரோடை மண்ணில் ரோமக் காசு மட்டும் இல்லை. முத்திரை குத்திய வெள்ளிக்காசு, இலட்சுமி உருவம் வைத்த நீள்சதுரத் தகடு என்று அது எத்தனையோ காலத்தைத் தாங்கி நிற்கிறது. குடாநாட்டில் மற்ற இடங்களில் சோழர் காசு வரும், ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் குந்தியிருக்கும் ஆளும் நாகரி எழுத்தில் இராசராசன் பெயரும். ஒல்லாந்தர் இங்கே ஆண்ட 1658 தொடக்கம் 1795 வரையான காலத்தின் கொம்பனி முத்திரைச் செப்புக்காசு கரையோரத்தில் எங்கும் வரும். அவர்கள் யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் 'I' என்ற இலத்தீன் எழுத்தைப் போட்டு அடித்த தடித்த காசும் உண்டு. ஆனால் என் மனதுக்கு நெருங்கியது யாழ்ப்பாண அரசர்கள் அடித்த சேதுக்காசுதான். போன மாதம் அப்படி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விட முடியாது.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு தோட்டக்காரர் வாழைக்குட்டி வைக்கக் கிடங்கு வெட்டியபோது அது வந்தது. பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது, பச்சைப் பாசி பிடித்த மாதிரி முழுக்கக் களிம்பு, விளிம்பில் மட்டும் மண்வெட்டி பட்டுச் செம்பு தெரிந்தது. அவருடைய மனைவி புளி கரைத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டா, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்கி எடுக்கத்தான். நல்லகாலம், அதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டார்கள். புளி பட்டால் களிம்போடு எழுத்தும் உருவமும் சேர்ந்து கரைந்துவிடும் என்று விளங்கப்படுத்தினேன். மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். படுத்திருக்கும் இடபத்தின் திமில் முதலில் தெரிந்தது, அதற்கு மேலே பிறை, கீழே 'சேது' என்ற எழுத்து. 'து'வின் வளைவு தெளிவாக இருந்தது. அந்த அம்மா விரலால் எழுத்தைத் தடவி, 'இது எங்கட எழுத்தெல்லே' என்றா. அந்த அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தில் அடித்த காசு, அவ அதை எழுத்துக் கூட்டி வாசித்தா. கிடங்கின் ஆழத்தையும் கிணற்றுக் கட்டிலிருந்து உள்ள தூரத்தையும் அளந்து எழுதிக்கொண்டேன், கூட வந்த ஓட்டுத் துண்டுகளையும் தனிப் பையில் போட்டோம். பிறகு தோட்டக்காரரும் நானுமாகவே போய்த் தொல்லியல் திணைக்களத்தில் அறிவித்தோம்.

அதனால்தான் உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். வருகிறபோது டிடெக்டரைக் கொண்டுவராதே. முதலாவது சட்டம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள். அதைத் தேடித் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். காணி உன் அப்பாவின் பெயரில் இருந்தாலும் அதுதான் சட்டம். எனக்கு அது சரியான சட்டமாகவே படுகிறது, இல்லாவிட்டால் கந்தரோடை எப்போதோ சல்லடையாகியிருக்கும்.

இரண்டாவது, இந்த மண்ணில் சண்டை நடந்தது. உன் மெசின் ஒவ்வொரு எட்டுக்கும் கத்தும், செல் துண்டு, துவக்குச் சன்னத்தின் பித்தளைக் கோது எல்லாம் காசு மாதிரியே ஒலிக்கும். வெடிக்காத ஒன்றும் அப்படித்தான் ஒலிக்கும், மச்சான். தலைக்கவசமும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, குறுக்கே கயிறு கட்டி, முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகக் கண்ணிவெடி தேடி மண்ணைத் துப்புரவாக்கிய பெண்பிள்ளைகளை நீ முகமாலைப் பக்கம் போனபோது பார்த்திருப்பாய். டிடெக்டரின் அந்தச் சத்தத்துக்கு இங்கே உள்ளவர்களின் மனதில் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளவுக்குள் நீ அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பக்கத்து வீட்டு ஆச்சி பயந்துவிடுவா.

இன்னொன்றும் இருக்கிறது, நம் செம்பாட்டு மண்ணில் இரும்புச் சத்து அதிகம். மண்ணுக்கே மெசின் பதில் சொல்லும், உன் ஊர் வயலில் கேட்கிற ஆழம் இங்கே கேட்காது.

மெசின் இல்லாமல் வா. தை பிறந்து மழை ஓய்ந்ததும் வந்தால் நல்லது. மழை கழுவிய மண்ணில் ஓட்டுத் துண்டும் மணியும் தானாக மேலே தெரியும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் மேற்பரப்பாய்வுக்குப் போகும்போது நானும் கூடப் போய்வருகிறேன், ஆசிரியர்களைக் கேட்டு உன்னையும் சேர்த்துக்கொள்ளலாம். நீ வயலில் பழகிய கண் அங்கே உதவும். ஒருநாள் நல்லூரில் இருக்கும் தொல்பொருட்காட்சிச்சாலைக்கும் போவோம்.

வரும்போது கொண்டுவர வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, விட்டம் அளக்கும் வேர்ணியர், வாயடைக்கிற சின்னப் பொலித்தீன் பைகள் கொஞ்சம் கூடுதலாக. இங்கே கிடைக்கும் பைகள் சீக்கிரம் கிழிந்துவிடுகின்றன. அதற்கு முன்பு, உன் ரோமக் காசுகளை இரு பக்கமும் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. இரண்டு படைவீரர் நடுவில் கொடியோடு நிற்கிற மாதிரி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எழுது. வயலின் வரைபடம் ஒன்று கீறி, எடுத்த இடங்களை நினைவில் இருக்கும்வரை இப்போதே புள்ளி போட்டு வை. நாள் போனால் மறந்துவிடும்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு. பதில் எழுது.

உன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி