அப்பா பெயருக்கு வந்த கடிதங்களைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி கரந்தையில் தபால் கொடுக்கும் அண்ணனுக்கு. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து ஒன்பது வருடம் ஆகிறது, அப்பா தவறி ஆறு வருடம். ஆள் இல்லை என்று எழுதி, அப்பா பெயருக்கு அங்கே வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. நீங்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, கடைத்தெருவில் என் தம்பியைப் பார்த்ததும் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள்.

அந்தக் கடிதத்தை நாங்கள் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தாள், கறுப்பு அச்சு, கேள்விப்படாத கம்பெனிப் பெயர். ஏழு வருடமாக டிவிடெண்ட் (கம்பெனி லாபத்தில் பங்கு வைத்திருப்பவர்களுக்குத் தரும் தொகை) வாங்கப்படவில்லை, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்கிற அரசு நிதிக்கு மாற்றப்படும் என்று இருந்தது. ஏமாற்று வேலை என்று நினைத்து ஃபிரிட்ஜ் மேலே போட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து இன்னொன்று வந்தது, இந்த முறை நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கே. கெட்டித் தாள், கலர் முத்திரை, அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒரு சின்னம். ஐந்து லட்சத்துக்கு மேல் வர வேண்டியிருக்கிறது, கோப்பு திறக்க 4,850 ரூபாயைக் கீழே உள்ள எண்ணுக்கு ஜிபே செய்து, ஆதார், பான், கேன்சல் செய்த செக் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அப்பா பெயர், கரந்தை வீட்டுக் கதவு எண், ஃபோலியோ எண் (கம்பெனியில் அப்பாவின் பங்குக் கணக்கு எண்) எல்லாமே சரியாக இருந்ததால் அம்மா இதை முழுதாக நம்பிவிட்டார். "உங்கப்பா ஏதோ ஷேர் வாங்கிப் போட்டிருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருப்பா, பணத்தை அனுப்பிடு" என்றார். நானும் அனுப்பத்தான் போனை எடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்றாம் வீட்டு சார் வராமல் இருந்திருந்தால் பணமும் போயிருக்கும், காகிதங்களும் போயிருக்கும். சார், நீங்கள் வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஷேர் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். பீரோவின் அடித்தட்டில் எல்ஐசி ரசீதுகளுக்கு நடுவே, துருப்பிடித்த குண்டூசி குத்திய ஒரு பழுப்பு உறையில் இருந்தது. ஃபோலியோ எண் இரண்டு கடிதத்தோடும் பொருந்தியதைப் பார்த்து, அப்போ இரண்டுமே நிஜம்தானே சார் என்றேன். "பங்கு நிஜம்னுதான் இதிலிருந்து தெரியும். எழுதினவன் யாருன்னு தெரியாது" என்றீர்கள். வாங்காத டிவிடெண்ட் விவரத்தைக் கம்பெனிகள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது சட்டம், பெயரும் ஃபோலியோவும் பல நேரம் முகவரியும்கூட அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னீர்கள்: கடிதத்தில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டால் கடிதம் போட்டவன்தான் எடுப்பான், நம்பரை வேறு இடத்தில் தேடு.

தேடியது அக்கா மகன். பத்திரத்தில் இருந்த கம்பெனி வேறொன்றோடு இணைந்து பெயர் மாறிவிட்டதைப் பங்குச்சந்தையின் தளத்தில் கண்டுபிடித்தான். புதுக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் பதிவாளர், அதாவது கம்பெனிக்காகப் பங்குக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம், யார் என்று பார்த்தான். அந்தப் பதிவாளர் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்த்தான். முகவரி அப்படியே அந்த மெல்லிய தாள் கடிதத்தில் இருந்ததுதான்! நாங்கள் ஃபிரிட்ஜ் மேலே தூக்கிப் போட்டிருந்த கடிதம். கெடுவுக்கு இன்னும் ஐம்பது நாள்கூட இல்லை.

ஆண்டறிக்கையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டபோது பதிவாளரின் சென்னை அலுவலகத்தில் எடுத்துப் பேசிய தங்கைக்கு அடுத்த நன்றி. அம்மா போனை வாங்கி, முதலில் எவ்வளவு கட்டணும் என்றுதான் கேட்டார். எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்மா என்று நீ சொன்ன பிறகும் இரண்டு முறை கேட்டார், நீ சலிக்காமல் இரண்டு முறையும் அதையே சொன்னாய். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எங்கள் மூவரின் சம்மதக் கடிதம், வங்கி மேலாளர் கையெழுத்து சரிபார்த்துத் தரும் படிவம், எதை எங்கே வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாய். ஒருவேளை பங்குகள் அந்த அரசு நிதிக்குப் போயிருந்தாலும் மொத்தமாகப் போய்விடாது, அந்த நிதிக்கான ஐஇபிஎஃப்-5 என்கிற படிவம் போட்டுத் திரும்ப வாங்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை, நாள்தான் ஆகும் என்றும் சொன்னாய். அன்று இரவு அம்மா நன்றாகத் தூங்கினார். நோட்டரிக்கும் முத்திரைத் தாளுக்கும் ஆனதுதான் எங்கள் செலவு.

இப்போது பங்குகள் அம்மா பெயரில் டீமேட் கணக்கில் (பங்குகளைக் காகிதம் இல்லாமல் மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) இருக்கின்றன. ஏழு வருட டிவிடெண்ட் 9,640 ரூபாய் போன வாரம் வந்தது. ஐந்து லட்சம் எல்லாம் இல்லை. அம்மா அந்த எஸ்எம்எஸ்ஸை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கலர் முத்திரைக் கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறோம். அதே மாதிரி ஒன்று அடுத்த தெருவிலும் ஒரு வீட்டுக்கு வந்திருப்பது தெரிந்து, சார் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தபால்கார அண்ணே, இனிமேல் டிவிடெண்ட் நேராக வங்கிக் கணக்குக்கே வந்துவிடும், அதற்கென்று தபால் வராது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.