வட்டவளை இறக்கமும் நீ தந்த கருவியும்

ஹட்டன்
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. கார் விஷயத்தை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன முறை வந்தபோது, பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் உள்ள நம் அக்வா ஹைப்ரிட் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே நீ சொருகிவிட்டுப் போன சின்னக் கருவியை நான் கழற்றவே இல்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு பயணமும் போனில் பதிவாகிறது. ராத்திரியில் அதைப் பார்த்துத் தூரம், பெட்ரோல், எஞ்சின் சூடு, பேட்டரி சதவீதம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைக்கிறேன். 2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில் போனில் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீட்டர் வாங்கிய நாட்களில் இது கையில் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

போன மாதம் சித்தியைப் பார்க்க அவிசாவளைக்குப் போய் வந்தேன். கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். இறங்கும்போது 2 லீட்டர் போனது, ஏறி வரும்போது 5 லீட்டர். இறங்கும்போது லீட்டருக்கு 35 கிலோமீட்டர், ஏறும்போது 14. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 24.5 என்று நீ சொன்னாய். தப்பு, தம்பி. 140 கிலோமீட்டருக்கு 7 லீட்டர் என்றால் 20தான். மலையில் ஓடும் காருக்குப் போனதையும் வந்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவதும், ஏற்றத்தில் மட்டும் பார்த்துக் கார் கெட்டுவிட்டது என்று கார் திருத்தும் பாஸிடம் ஓடுவதும் சரியில்லை.

உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னொன்று. பதிவு தொடங்கிய புதிதில் ரொசல்ல பக்கம் இறங்கும்போது பேட்டரி ஏறவே இல்லை. 52 சதவீதத்தில் இருந்தது 50க்குக் குறைந்தது. பேட்டரி போய்விட்டதோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகுதான் புரிந்தது, நான் இறக்கம் முழுக்க நியூட்ரலில் வந்திருக்கிறேன். உன் அப்பா பழைய சன்னி காரில் எனக்கு ஓட்டப் பழக்கியபோது சொல்லித் தந்தது அது. "இறக்கத்துல நியூட்ரல்ல விடு, எண்ணெய் மிச்சம்" என்பார். இருபது வருஷமாக என் கை தானாக அங்கே போகும். ஆனால் இந்தக் காரில் இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றித்தான் பேட்டரி ஏறும்; நியூட்ரலில் போட்டால் மோட்டார் சார்ஜ் ஏற்றாது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. அப்பா இருந்திருந்தால் பதிவைக் காட்டியிருப்பேன், உடனே ஒத்துக்கொண்டிருப்பார். அவர் சொல்லித் தந்ததை விடுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது கியரை வழக்கமான டியிலேயே (D) வைத்து வருகிறேன். ஹட்டனிலிருந்து இறங்கி வட்டவளை வருவதற்கு முன்பே பேட்டரி 80க்கு வந்து நின்றுவிடுகிறது. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கணக்குப் போட்டேன். ஆளோடு 1200 கிலோ உள்ள கார் 1200 மீட்டர் இறங்கினால் அதில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குரிய சக்தி இருக்கிறது. இந்தப் பேட்டரி 40 சதவீதத்துக்கும் 80க்கும் நடுவில் பிடித்துக்கொள்வது அரை யூனிட்கூட இல்லை. அதனால் நிரம்பியதும் கியரை பியில் (B), எஞ்சினால் வேகத்தைப் பிடிக்கும் நிலையில், போடுகிறேன். எஞ்சின் இரைகிறதே, பெட்ரோல் போகிறதே என்று முன்பு பயப்படுவேன். பதிவைப் பார்த்தால் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு மூவாயிரத்தைத் தொடுகிறது, பெட்ரோல் பூஜ்யம். வேகத்தைப் பிடித்து வைக்க மோட்டார்தான் எஞ்சினைச் சும்மா சுழற்றுகிறது.

பெட்ரோல் அதிகம் போவது ஏற்றத்தில் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் லீட்டருக்குக் குறைவாக ஓடுவது நம் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவிலுள்ள 4 கிலோமீட்டரில்தான். லீட்டருக்கு 11 கிலோமீட்டர். காலையில் எஞ்சின் தண்ணீர் 15 பாகையில் இருக்கிறது. அது சூடாகும் வரை கார் நின்றாலும் எஞ்சின் நிற்பதில்லை. சூடாகும்போது நான் பள்ளி வாசலில் இருப்பேன். அதனால் மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஆறவிட்டு, மறுபடி கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். பள்ளி விட்டதும் மரக்கறிக் கடை, வங்கி, கோயில் எல்லாம் ஒரே சுற்றில் முடித்துவிடுகிறேன். போன மாதம் அதற்கு முந்தியதைவிட 6 லீட்டர் குறைவாகத்தான் அடித்தேன்.

டயர் காற்று பார்த்தாயிற்று, அதற்காகக் கேட்காதே.

ஒன்று மட்டும் நீ பார்த்துச் சொல்ல வேண்டும். கித்துல்கலவிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது பேட்டரி சூடு 46 வரை போனது. பின் சீட் பக்கத்தில், பேட்டரியைக் குளிரவைக்கக் காற்று போகும் துவாரத்தில் தூசியும் நாய் முடியும் அடைத்துக் கிடந்தன. பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகு அதே ஏற்றத்தில் 41. இது போதுமா, பாஸிடம் சொல்லி உள்ளே இருக்கிற விசிறியையும் கழற்றிப் பார்க்கவா? இரண்டு நாள் பதிவையும் இன்று இரவு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா