ஓவனில் சுட்டாலும் அளவும் பக்குவமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கான மாலைத் தின்பண்டங்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, டார்ட்டில்லா என்ற மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியை வெட்டிச் செய்யும் சிப்ஸை எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுட்டுக் கொடுக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. யோசனை நல்லதே. ஆயினும், ஓவனில் வைத்துவிட்டாலே பண்டம் உடம்புக்கு நல்லதாகிவிடும் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது மாவு. நம் ஊர்க் கடைகளில் டார்ட்டில்லா என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல மைதாவால் ஆனவை. அவற்றைச் சுட்டாலும் மைதா மைதாதான். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்து டார்ட்டில்லா செய்கிறார்கள். இதனால் மாவுக்குப் பிசுபிசுப்பு வருவதோடு, தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்தும் உடலில் சேரும் நிலைக்கு வருகிறது. இந்த முறையைக் கைக்கொள்ளாமல் மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழை மக்களை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது என்பதை நினைத்தால், மெக்சிகோப் பழங்குடிப் பெண்களின் அடுப்படி அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. நாம் வாங்கும் சாதாரண மக்காச்சோள மாவில் அந்தப் பிடிப்பு இருக்காது; தேய்க்கும்போதே ஓரம் விரிசல் விட்டுப்போகும்.

அடுத்தது எண்ணெய். பொரித்த சிப்ஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் கொழுப்பு இருக்கும். வீட்டில் ஆறு அங்குல அகலமுள்ள எட்டு டார்ட்டில்லாக்களுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். அதைக் கரண்டியால் ஊற்றாமல், இருபுறமும் பிரஷ்ஷால் மெல்லத் தடவி, எலுமிச்சைச் சாறும் சிறிது உப்பும் தூவி, ஒவ்வொன்றையும் ஆறு முக்கோணங்களாக வெட்ட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, முன்பே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிவிடலாம்.

பலரும் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்ததுதான். நடுப்பகுதி இன்னும் வளைகிறதே என்று கருஞ்சிவப்பாகும் வரை விட்டுவிடுகிறார்கள். மாவுச்சத்துள்ள பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகிறது என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். பொரித்தாலும் சுட்டாலும் இது உண்டாகும். நிறம் கருகக் கருக அளவும் கூடும். ஓரங்கள் லேசாக எழும்பி, வெளிர்பொன் நிறம் வந்ததும் எடுத்துக் கம்பித்தட்டில் ஆறவிட்டால், மிச்ச ஈரமும் போய்த் தானாகவே மொறுமொறுப்பாகிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டுப் புட்டியில் அடைத்த சீஸ் சாஸைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தால், குறைத்த கொழுப்பும் உப்பும் அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்த சல்சாவே போதும். மெக்சிகோ வீடுகளிலும் அதுதான் வழக்கம்.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது எண்ணெய், உப்பு ஆகியவற்றின் அளவையும், எந்த நிறத்தில் ஓவனிலிருந்து எடுக்க வேண்டும் என்பதைக் காட்டும் வண்ணப்படம் ஒன்றையும் சேர்த்து அச்சிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்.